தேய்க்க வேண்டாம், திருப்புங்கள்

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், ஆறு மாத நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்துவிட்டு, ஒரு ஏஜென்சி மூலம் கோவையில் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்க்கிறேன். பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 71 வயது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சர்க்கரையும் உண்டு. பேச்சு குழறுகிறது, நினைவு தெளிவாக இருக்கிறது. இடுப்புக்குக் கீழே, வாலெலும்புப் பக்கம் கருஞ்சிவப்பாக ஒரு தடம் தெரிகிறது. பவுடர் போட்டு நன்றாகத் தேய்த்துவிடச் சொல்கிறார் மகன். இரவில் திருப்பிப் படுக்க வைத்தால் தூக்கம் கெடுகிறது என்று மருமகள் கோபிக்கிறார். படுத்தபடிதான் கஞ்சி ஊட்டுகிறேன், அடிக்கடி இருமுகிறார். இன்சுலினும் நானே போட வேண்டுமாம். பயிற்சியில் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், இங்கே கை நடுங்குகிறது. எதிலிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தங்கச்சி, நீங்கள் தடத்தைப் பற்றி விரிவாகவும் இருமலைப் பற்றி ஒரே வரியிலும் எழுதியிருக்கிறீர்கள். நான் இருமலில் தொடங்குகிறேன்.

பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குக் கை கால் போலவே தொண்டையும் பலமிழந்திருக்கும். படுக்க வைத்து ஊட்டும் கஞ்சி உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாய்க்குப் போகலாம். நாம் புரை ஏறியது என்று சொல்லி முதுகைத் தட்டிவிட்டு அடுத்த கரண்டியை நீட்டுகிறோம். உள்ளே போனது நுரையீரலில் தங்கி நிமோனியாவில் கொண்டுபோய்விடும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கும், அது இன்னும் மோசம். சாப்பிட்டதும் குரல் தண்ணீர் கொப்பளிப்பது போல் மாறுகிறதா, மூச்சு வாங்குகிறதா, மாலையில் உடம்பு சுடுகிறதா என்று பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும்கூட, அடிக்கடி இருமுகிறார் என்ற ஒன்றே டாக்டருக்கு இன்றே போன் செய்யப் போதுமான காரணம். விழுங்கும் திறனைச் சோதித்து, கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், வாய் வழியாகக் கொடுக்கலாமா, மூக்கில் குழாய் வேண்டுமா என்று முடிவு செய்வது அவர்கள் வேலை.

வாய் வழியே கொடுக்கலாம் என்று அவர்கள் சொன்னால், நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள். முதுகுக்குத் தலையணை, தாடை லேசாகக் கீழே குனிந்திருக்கட்டும். அண்ணாந்த வாயில் எதையும் ஊற்றக் கூடாது. டீஸ்பூனில் பாதியை, பலமுள்ள இடது பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். தொண்டை மேலேறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த வாய். முடித்ததும் வலது கன்னத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவாக இருப்பதால் சோறு ஒதுங்கிக் கிடப்பதே அவருக்குத் தெரியாது. வாயைச் சுத்தம் செய்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். தண்ணீர்தானே என்று அலட்சியம் வேண்டாம். கெட்டியான கூழைவிடத் தண்ணீர்தான் பலருக்குச் சட்டென்று புரை ஏறும்.

இப்போது தடத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு தொல்லைகளிலும் அவர் ஒரே நிலையில் மல்லாந்து கிடப்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. வெளியே தோல் பளபளப்பாக இருந்து, கொட்டையைச் சுற்றி அழுகிப்போன மாம்பழம் மாதிரி, மேலே சின்னத் தடமாகத் தெரிவது அடியில் பெரிய புண்ணாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவருக்கு ஆறுவதும் தாமதம்.

விரலால் அந்தத் தடத்தைச் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். வெளுத்து, மறுபடி நிறம் வந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். நம் ஊர்க் கருத்த தோலில் இந்தச் சோதனை சரியாகத் தெரியாது. அதனால் கையால் தொட்டும் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சுடுகிறதா, கல் மாதிரியோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா? ஊதா நிறம் கண்டால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மகன் சொல்கிற மாதிரி தேய்க்காதீர்கள். ஏற்கெனவே நசுங்கிய திசுவைத் தேய்த்தால் இன்னும் சிதையும். இந்தப் பழக்கம் வீடுகளில் மட்டும் இல்லை. வார்டுகளிலும் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகு தேய்ப்பதை ஒரு பெரிய சேவையாகவே செய்துவந்தோம். பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உரசும். காற்று அடைத்த ரப்பர் வளையமும் வேண்டாம், அதன் விளிம்பு சுற்றிலும் நெருக்கும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பார்கள், அதனாலும் பயனில்லை. கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்தால் போதும்.

திருப்பும் முறை இதுதான். முதலில் அவரிடம் சொல்லுங்கள், “அம்மா, இடது பக்கம் திருப்பப் போறேன்” என்று. நினைவு தெளிவாக உள்ளவரைச் சொல்லாமல் புரட்டினால் பயத்தில் உடம்பை விறைத்துக்கொள்வார், உங்களுக்குத்தான் இரண்டு மடங்கு பாரம். நீங்கள் அவருடைய இடது பக்கம் நில்லுங்கள். வலது கையை வயிற்றின் மேல் வைத்து, வலது முழங்காலை மடக்கி நிறுத்துங்கள். ஒரு கை வலது தோள்பட்டையின் பின்புறம், இன்னொரு கை வலது இடுப்பில். நீங்கள் உங்கள் முழங்காலை லேசாக மடக்கி, ஒரு காலை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்து நின்று உங்கள் பக்கமாக உருட்டுங்கள். இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து அவரும் உதவட்டும். முழுக்க ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பில் பாரம் விழும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துப் பாதிச் சாய்வில், சுமார் 30 டிகிரியில் நிறுத்துங்கள். முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு தலையணை. பிறகு வலது பக்கம் திருப்பும்போது அந்தத் தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் சற்று முன்னால் எடுத்துவிட வேண்டும்.

விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தசை பலமில்லாத தோள் எளிதில் மூட்டைவிட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. சட்டை போடும்போது வலது கைக்கு முதலில், கழற்றும்போது இடது கைக்கு முதலில். கட்டிலில் கீழே சரிந்துவிட்டால் தனியாக இழுக்க வேண்டாம். இடுப்புக்கு அடியில் குறுக்கே மடித்துப் போட்ட விரிப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்த இரண்டு பேர் வேண்டும். இழுத்தால் தோல் ஓரிடத்திலும் எலும்பு ஓரிடத்திலும் போய், உள்ளே கிழியும்.

மருமகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, தூக்கமும் மருந்துதான். ஆனால் தடம் உள்ளவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, வலது என்று மாற்ற வேண்டும், மல்லாந்து படுப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். நல்ல காற்று மெத்தை வாங்கினால், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு இரவில் இடைவெளியைக் கூட்டலாம். மெத்தை வாங்கிவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று நினைப்பதுதான் தவறு. டயப்பர் பார்க்கும் நேரத்திலேயே திருப்பிவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடவை எழுப்பினால் போதும். அப்புறம், நீங்களும் மனுஷிதான். இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே ஆள் விழித்திருக்க முடியாது. இரவு இரண்டு மணி முறைக்கு மகன் எழுந்திருக்கட்டும் என்று தயங்காமல் கேளுங்கள். நேரத்தையும் பக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதிச் சுவரோரம் தொங்கவிட்டால் வாக்குவாதம் பாதி குறையும்.

கை கழுவுவது, கண்ணில் தொடங்கிப் பிறப்புறுப்பில் முடிக்கும் உடம்பு துடைப்பு, முன்னிருந்து பின்னாகத் துடைப்பது எல்லாம் பொம்மையில் கற்றபடியே சரி. ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

இன்சுலின் உங்கள் வேலை இல்லை. மருந்துச் சீட்டைப் பார்த்து அளவெடுத்து ஊசி போடும் பொறுப்பு தகுதி பெற்ற நர்ஸுக்கோ, டாக்டரோ நர்ஸோ கற்றுக்கொடுத்த குடும்பத்தாருக்கோ உரியது. ஏஜென்சி எல்லாம் செய்யச் சொன்னால், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பேச்சு அத்துடன் நின்றுவிடும். ஆனால் உங்களிடம் ஒரு முக்கியமான தகவல் இருக்கிறது. அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சாப்பிடாமல் இருமித் தள்ளிவிட்ட அன்று, ஊசி போடும் முன்பே மகனிடம் சொல்லி டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். திடீரென்று வியர்த்து, நடுங்கி, பேச்சு இன்னும் குழறினால் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அவசரம். இவருக்கு விழுங்குவதில் சிக்கல் என்பதால், சர்க்கரை இறங்கினால் என்ன கொடுப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

பிசியோதெரபி பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். வருபவரிடம் நீங்களும் கட்டிலருகே நின்று திருப்புவதைச் செய்து காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொள்ளலாம்.

தடத்தைத் தினமும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். தோல் உரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, நாற்றம் எடுத்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கு எழுதிவிட்டு அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வேண்டாம்.