வெனிஸில் கொண்டோலா சவாரிக்கு எவ்வளவு ஆகும்? அந்தப் பணத்துக்குத் தகுமா?

தகும். ஆனால் கட்டணம் ஆளுக்கு அல்ல, படகுக்கு. இது தெரியாமல்தான் பலர் விலையைக் கேட்டதும் திரும்பிவிடுகிறார்கள்.

பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. 2023 நவம்பரில் அமலுக்கு வந்த கட்டணம் இது. ஒரு படகில் ஐந்து பேர் வரை ஏறலாம். அப்பா, அம்மா, மனைவி, மகளோடு நாங்கள் ஐந்து பேர்; தலைக்கு 18 யூரோதான் விழுந்தது. பாட்டு வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஏறும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சான் மார்க்கோ சதுக்கத்துக்கு எதிரே பரந்த நீர்ப்பரப்பு. மோட்டார் படகுகள் கிளப்பும் அலையில் ஆட்டம் அதிகம். நாங்கள் உள்ளே தள்ளி ஒரு குறுகிய கால்வாயில் ஏறினோம். துடுப்பிலிருந்து நீர் சொட்டுவதுகூடக் காதில் விழுந்தது. முடுக்கு திரும்புமுன் படகோட்டி "ஓ-ஏ!" என்று குரல் கொடுப்பார். சுவர் நெருங்கினால் ஒரு காலால் அதை உந்தித் தள்ளுவார். படகு அதன்மேல் உரசவே இல்லை. அம்மா பாதி வழியில்தான் என் கையை விட்டார்.

அப்பா தச்சு வேலை செய்தவர். ஏறும்போதே, "இது ஒரு பக்கமாக வளைந்திருக்கிறதே" என்றார். சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஒற்றைத் துடுப்பை வலப்பக்கம் வைத்தே வலிப்பதால் படகு இடப்பக்கம் திரும்பிவிடும். அதைச் சரிக்கட்ட இடப்புறத்தை வலப்புறத்தைவிட 24 சென்டிமீட்டர் கூடுதல் அகலமாகக் கட்டுகிறார்கள். ஏறக்குறைய 11 மீட்டர் நீளம், எட்டு வகை மரம், 280 துண்டுகள். துடுப்பைத் தாங்கும் 'ஃபோர்கோலா' வால்நட் (அக்ரூட்) மரத்தில் குடைந்து செதுக்கியது. இறங்கும்போது படகோட்டியிடம் சைகையில் அனுமதி கேட்டு, அப்பா அதன் வளைவுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். படகோட்டியும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். எனக்கு அந்த 90 யூரோ அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் 'டிராகெட்டோ'வில் ஏறுங்கள். பெருங்கால்வாயை அக்கரைக்குக் கடத்திவிடும் படகு அது. இருவர் துடுப்பு வலிப்பார்கள், வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. சாந்தா சோஃபியா துறையில் ஏறினால் ரியால்ட்டோ மார்க்கெட்டில் இறங்கலாம். சில நிமிடங்கள்தான். கையில் சில்லறை வைத்திருங்கள்.