முதல் இரண்டு நிமிடங்கள்: திரில்லர் தொடக்கக் காட்சி பற்றி வாசகர் கேள்விகள்

மாணவர் குறும்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பயிற்சியைக் குறித்தவை. முழுப் படம் எடுக்காமல், ஒரு திரில்லர் படத்தின் தொடக்கத்தை மட்டும் இரண்டு நிமிட அளவில் எடுத்து, அதற்கான ஆய்வையும் திட்டமிடலையும் குறிப்பேடாகச் சமர்ப்பிக்க வேண்டும் என்பதே அந்தப் பயிற்சி. அக்கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு மாணவி. எங்கள் குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். பத்துத் திரில்லர் படங்களின் தொடக்கங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து முடித்துவிட்டோம். ஆனால் எங்களுக்கென்று ஒரு கதை இன்னும் பிடிபடவில்லை. எங்கே தவறுகிறோம், ஐயா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த குறிப்பேட்டின் நகலை முழுமையாகப் படித்தேன், அம்மா. இருட்டு, மழை, காலடி ஓசை, சாய்ந்த கோணம், கடிகாரத்தின் குளோசப் என்று கண்ணில் பட்டதை எல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறீர்கள். இவை அனைத்தும் திரில்லர் உடுத்தியிருக்கும் உடைகள். ஆளைப் பார்க்க வேண்டுமானால், அந்தப் பத்தில் இரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, பார்வையாளருக்கு எந்த நொடியில் என்ன தெரிகிறது என்பதை ஒரு பக்கமும், திரையில் இருப்பவருக்கு என்ன தெரிகிறது என்பதை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கங்களும் எந்த இடத்தில் வேறுபடுகின்றனவோ அந்த இடத்தில்தான் பதற்றம் பிறக்கிறது.

எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ பாடல்களே இல்லாத படம் என்பதற்காகவே பெரிதும் பேசப்படுகிறது. உங்கள் ஆய்வுக்கு அதைவிட முக்கியமானது அதன் தொடக்கம். சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் எடுத்த எடுப்பிலேயே சுடப்பட்டு இறக்கிறது. சுட்டவர் யார் என்பது நமக்கும் தெரியாது, விசாரிக்க வருபவருக்கும் தெரியாது. ஆர்சன் வெல்ஸ் 1958இல் இயக்கிய ‘டச் ஆஃப் ஈவில்’ இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. ஒரு காரின் டிக்கியில் வெடிகுண்டு வைக்கப்படுவதை நாம் பார்த்துவிடுகிறோம். பிறகு அந்தக் கார் ஆள் நடமாட்டமுள்ள தெருக்களில் ஊர்ந்து செல்வதை, மூன்று நிமிடத்துக்கும் மேலாக ஒரு வெட்டுக்கூட இல்லாத ஒரே ஷாட்டில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். காரில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. முதல் படம் மறைத்துப் பதற்றமூட்டுகிறது, இரண்டாவது காட்டிப் பதற்றமூட்டுகிறது. இவ்விரண்டில் உங்கள் படம் எந்த வழியில் போகப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1943இல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாட்களில் ‘அந்த நாள்’ நிகழ்கிறது. படம் வெளியானபோது அந்த அச்சத்துக்குப் பதினொரு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பலர் அதைத் தம் நினைவிலேயே வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்திருப்பார்கள். பயம் ஊருக்குள் ஏற்கெனவே இருந்தது, படம் அதைத் தொட்டது. உங்கள் ஆய்வில் நான் தேடிக் காணாதது இதைத்தான். பத்துப் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள்; நீங்கள் குடியிருக்கும் முதுநகரை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்று இரண்டு மணி நேரம் சும்மா நில்லுங்கள். நான் அப்படி நின்றிருக்கிறேன். ஐஸ் பாரைக் கொக்கியால் தரையில் இழுத்து வரும்போது ஒரு நீண்ட சீறல் கேட்கும். அது உடைக்கும் இயந்திரத்துக்குள் விழுந்ததும் எழும் ஓலத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. இயந்திரம் நின்ற மறுகணம், அதுவரை கேட்காதிருந்த ஏலக் குரலும் காக்கைச் சத்தமும் திடீரென்று மிக அருகில் வந்துவிடும். தெர்மாகோல் பெட்டியில் மீனையும் ஐஸையும் அடுக்கி, மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப்பை ஒட்டி, ஈரமான அந்தப் பெட்டியின் மேல் மார்க்கரால் எண் எழுதுவார்கள். கணக்கர் நோட்டில் குறித்துக்கொள்வார். பெட்டிகள் லாரியில் ஏறும்.

இப்போது இப்படி எண்ணிப் பாருங்கள். நோட்டில் 41 பெட்டிகள் இருக்கின்றன. லாரியில் 42 இருக்கின்றன. கணக்கர் மறுபடியும் விரலால் எண்ணுகிறார், எண்ணிக்கை மாறவில்லை. ஐஸ் இயந்திரம் நிற்கிறது. அந்த அமைதியில், அடுக்கின் நடுவிலிருந்து கைப்பேசி ஒன்று மெல்ல ஒலிக்கிறது. ரத்தம் இல்லை, கத்தி இல்லை, மழை இல்லை. ஆனாலும் அந்தப் பெட்டியைத் திறக்கும்வரை யாரும் இருக்கையை விட்டு எழமாட்டார்கள். இந்தக் கதையையே எடுக்க வேண்டாம், உங்களுடையதை நீங்களே கண்டுபிடியுங்கள். ஆனால் இதை எழுதத் தேவைப்படும் ஆய்வு எத்தகையது என்று பாருங்கள்: பெட்டிகளை எண்ணுவது யார், டேப் ஒட்டுவது யார், எண்ணிக்கை பிசகினால் யார் யாரைக் கேட்பார்கள், லாரி எத்தனை மணிக்குக் கிளம்பியாக வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு எந்தப் படமும் பதில் சொல்லாது. துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பதில்கள்தான் உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கமாக இருக்க வேண்டும்.

கதை அமைந்த பிறகு இரண்டு பக்கத்துக்கு மேல் திரைக்கதை எழுதாதீர்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே படமாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டுக்கு ஓவியர் தேவையில்லை, குச்சி உருவங்களே போதும். அந்தப் படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாக எடுத்து, நினைத்திருக்கும் நொடிக் கணக்குக்கு அடுக்கி, துறைமுகத்தில் பதிவு செய்த ஓசையையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எந்த ஷாட் தேவையற்றது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: புதுச்சேரி ஒயிட் டவுன் தெருவில், இரவில் ஒருவர் கத்தியுடன் துரத்தி வருவதாகத் திட்டமிட்டிருக்கிறோம். சிறிய கேமராதான், நண்பர்கள்தான் நடிக்கிறார்கள். இதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா?
– ஒரு கல்லூரி மாணவர், லாசுப்பேட்டை

பதில்: கட்டாயம் வாங்க வேண்டும், தம்பி. என் மாணவப் பருவத்தில் நாங்களும் உங்களைப் போலவே நினைத்தோம். அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய கத்தியுடன் ஒரு நண்பனை ஓடவிட்டோம். மாடியிலிருந்து பார்த்த ஒரு மூதாட்டிக்கு அது அட்டைக் கத்தி என்று தெரியவில்லை. கேமராவும் அவர் பார்வையில் படவில்லை. அன்றிரவு விடியும்வரை நாங்கள் காவல் நிலையத்தின் பெஞ்சில் அமர்ந்திருந்தோம் என்பதைவிட, அந்த அம்மாள் நடுங்கிக்கொண்டே நிலையத்துக்கு வந்து நின்ற காட்சிதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

கல்லூரி முதல்வரின் கடிதத்தில் நாள், நேரம், தெரு, பங்கேற்பவர்களின் பெயர்கள், பயன்படுத்தப்போகும் பொருட்கள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். நகலை ஒருவர் கையில் வைத்திருக்கட்டும். படமெடுக்கும் தெருவில் உள்ள வீடுகளுக்கு முதல் நாளே நேரில் சென்று சொல்லுங்கள். தெருவின் இரு முனைகளிலும் ஆள் நிற்க வேண்டும், ஷாட் தொடங்கும்வரை கத்தி பைக்குள்ளேயே இருக்க வேண்டும். ரயில் நிலைய நடைமேடை என்றால் அது ரயில்வேயிடம் தனியாகக் கேட்க வேண்டிய அனுமதி.

ஒயிட் டவுனையே ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. அந்த மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக்களையும் காதல் பாடல்களிலும் திருமணப் படங்களிலும் பார்த்துப் பார்த்து நம் கண் பழகிவிட்டதால், அங்கே அச்சம் எளிதில் நிலைக்காது. பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே வாருங்கள். கடை மூடும் நேரத்தில் பெரிய மார்க்கெட்டின் சந்துகளைப் பாருங்கள். ஒரு ஷட்டர் இறங்கும் ஓசை, துரத்தி வரும் காலடியைவிட நெஞ்சைப் பிசையும்.

கேள்வி: எங்கள் ஸ்டோரிபோர்டின் கடைசிப் படத்தில், கடலில் சூரியன் மறையும்போது அலையோரம் ஒருவர் நிழலுருவமாக நிற்கிறார். தேவனாம்பட்டினத்தில் எந்த மாதத்தில் எடுத்தால் நன்றாக வரும்?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: எந்த மாதத்திலும் வராது. நம்முடையது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊருக்குப் பின்னால் மறைகிறது. நிழலுருவம் வேண்டுமானால் காலையில் எடுங்கள். ஜனவரியில் சூரிய உதயம் ஆறரை மணியை ஒட்டியும் ஜூன் தொடக்கத்தில் ஐந்தே முக்கால் மணியை ஒட்டியும் இருக்கும். உதயத்துக்கு முந்தைய இருபது நிமிட நீல வெளிச்சம் திரில்லருக்கு மிகவும் பொருந்தும். எந்த நேரத்தில் படமெடுக்கப் போகிறீர்களோ அதே நேரத்தில் சென்று இடத்தைப் பார்ப்பதுதான் இடத்தேர்வு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் மாற்று நாள் ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்; 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில்தான் புகுந்தது என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

கேள்வி: கைப்பேசியில் எடுத்துப் பார்த்த சோதனைக் காட்சியில் டியூப் லைட் வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கிறது. கடற்கரையில் எடுத்ததில் வசனமே கேட்கவில்லை. நல்ல கேமரா வாடகைக்கு எடுத்தால்தான் சரியாகுமா?
– ஒரு மாணவி, அரியாங்குப்பம்

பதில்: தேவையில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவு உடையது. பல கைப்பேசிகள் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப் படங்கள், என்ற அளவில் வருவதால், விளக்கின் துடிப்பும் கேமராவின் வேகமும் ஒத்துப்போவதில்லை. கைமுறையாக மாற்ற வசதியுள்ள கேமரா செயலியில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றும், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரமான ஷட்டர் வேகம் 1/50 நொடி என்றும் வைத்தால் துடிப்பு அடங்கிவிடும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு எடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குச் சென்றால் லென்ஸில் நீர் படியும், சற்று நேரம் வெளியில் வைத்திருந்து பிறகு தொடங்குங்கள்.

ஒலிக்கு இன்னொரு கைப்பேசியை நடிப்பவரின் சட்டைப் பைக்குள் பதிவு நிலையில் வைத்துவிடலாம். கடற்காற்றில் அதுவும் உதவவில்லை என்றால், வசனத்தைக் குறைத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. தொடக்கக் காட்சிக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் வசனம் தேவைப்பட்டால் கதையை மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: பார்வையாளர் ஆய்வுக்காக ஐம்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தோம். ‘திரில்லர் பிடிக்குமா?’ என்ற கேள்விக்கு 43 பேர் ‘ஆம்’ என்றார்கள். இதனால் பயனில்லை என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். அவ்வளவு உழைப்பும் வீணா?
– ஒரு மாணவர் குழு, காலாப்பட்டு

பதில்: உங்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் பேராசிரியர் சொல்வது சரி. 43 பேருக்குப் பிடிக்கும் என்று தெரிந்ததால், உங்கள் படத்தில் எந்த ஷாட்டை மாற்றினீர்கள்? ஒன்றையும் மாற்றவில்லை என்றால் அந்தக் கேள்வி படத்தைத் தொடவே இல்லை என்று பொருள்.

பத்துப் பேர் போதும். உங்கள் கதையை அறியாதவர்களாக, வயதிலும் தொழிலிலும் வேறுபட்டவர்களாக இருக்கட்டும். உங்கள் அம்மா, தெருமுனைத் தையல்காரர், பள்ளியில் படிக்கும் தம்பி. முதல் பதிலில் சொன்னதுபோல் ஸ்டோரிபோர்டுப் படங்களை அடுக்கி ஓட்டும் கரட்டு வடிவத்தை விளக்கம் ஏதும் சொல்லாமல் ஒவ்வொருவருக்கும் தனியாகக் காட்டுங்கள். முடிந்ததும் ‘இப்போது எதைத் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது?’ என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொன்னால் உங்கள் தொடக்கம் எந்தக் கேள்வியையும் எழுப்பவில்லை. பத்துப் பேரும் முடிவையே சொல்லிவிட்டால் அளவுக்கு மீறிக் காட்டிவிட்டீர்கள். பெரும்பாலோர் ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலில் மட்டும் வேறுபட்டால் அடுத்த வேலைக்குப் போகலாம். பார்க்கும்போது அவர்கள் முகம் எந்த நொடியில் திரையை விட்டு விலகுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லத் தயங்குவதை முகம் சொல்லிவிடும்.

உங்கள் குறிப்பேட்டில் இலக்குப் பார்வையாளர் யார் என்பதற்கு ‘இளைஞர்கள்’ என்று எழுதியிருப்பதும் போதாது. இப்போது தணிக்கைச் சான்றிதழில், சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கக்கூடிய படங்களுக்கான யுஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் காட்சி இவற்றில் எதில் அடங்கும், அதற்காக எதைக் காட்டாமல் விட்டீர்கள் என்று விளக்குங்கள்.

கடைசியாக, நடிகர்கள், கலைஞர்களின் பெயர்கள் எங்கே வரும் என்பதை நீங்கள் திட்டத்தில் சேர்க்கவே இல்லை. தொடக்கக் காட்சியின் பாதிப் பணி அதுதான். ஸ்டோரிபோர்டிலேயே சட்டகத்தின் ஒரு பக்கத்தைப் பெயருக்காகக் காலியாக விடுங்கள். பார்வையாளர் பார்த்தே ஆக வேண்டிய பொருளின் மேல் எந்த எழுத்தும் விழக்கூடாது. நிதானமாக இரண்டு முறை வாசிக்க ஆகும் நேரம் ஒவ்வொரு பெயரும் திரையில் இருக்கட்டும். படத்தின் தலைப்பை மட்டும் கடைசி ஷாட்டுக்குப் பின், கருப்புத் திரையில், இசை ஏதும் இல்லாமல் மூன்று நொடிகள் வையுங்கள்.