திருப்பிப் பாட ஒருவர்

அன்புள்ள ஐயா,

என் அப்பா சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமமொன்றில் 34 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். அம்மா போன பிறகு மும்பை முலுண்டில் எங்களோடு இருக்கிறார். முறையாகச் சங்கீதம் கற்றவர் அல்லர். ஆனால் எந்நேரமும் பாடிக்கொண்டிருப்பார். விடியற்காலையில் பாடியதற்குப் பக்கத்து வீட்டார் குறை சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் பாடுவதே இல்லை. ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும். பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா? யூடியூபில் பதிவேற்றலாமா? ஊருக்கே அனுப்பிவிடலாமா? என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அவளோடும் அவருக்குப் பேச்சில்லை.

சு., முலுண்டு

அன்புள்ள சு.,

பக்கத்து வீட்டார் பிரச்சினை பெரிதல்ல. ஆறு மணிக்கு மேல் பாடட்டும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். ஊருக்கு அனுப்புவது பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் அல்ல.

‘பொழுதுபோக்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. உங்களைப் படிக்க வைத்த சம்பளம் அந்தக் குரலுக்கு வந்தது. அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லாதீர்கள். ‘முறையாகக் கற்றவர் அல்லர்’ என்பதும் வேண்டாம். உ.வே.சாமிநாதையர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுக் கற்றுவந்தார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். பெரிய புலவர்களுக்குச் செய்யுளும் சங்கீதமும் அப்படித் தனித்தனியாக இருந்திருக்கலாம். கிராமத்துத் தமிழாசிரியருக்கு இரண்டும் ஒன்றுதான். பாடாமல் அவரால் யாப்பு நடத்த முடியாது.

என் ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடியும். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் எந்தப் பையனுக்கும் தலையில் ஏறாது. குறளும் வெண்பாதானே, அவர் அதன் கடவுள் வாழ்த்தைச் சங்கராபரண ராகத்தில் எடுப்பார். முதல் குறள் ‘உலகு’ என்று முடியும், அது பிறப்பு. இரண்டாவது ‘எனின்’, மலர். மூன்றாவது ‘வார்’, நாள். ஐந்தாவது ‘மாட்டு’, காசு. ஐந்து குறளுக்குள் நான்கும் வந்துவிடுகின்றன! அந்தக் கடைசிச் சீரில் கையைத் தூக்கி நிறுத்துவார். நாற்பது பேரும் திருப்பிப் பாடுவோம். ஒருவன் தவறாகச் சொன்னாலும் முகத்தைச் சுளித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நாற்பது குரலில் அந்த ஒரு குரல் எப்படிக் கேட்டதோ! சாக்பீஸ் தூளில் தொண்டை கட்டிய நாட்களில்கூட, அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு பாடினார். இன்றும் ஒரு வெண்பா தளை தட்டி ஓசை கெட்டால் என் காதுதான் முதலில் சொல்கிறது, கணக்குப் பார்ப்பது அப்புறம்தான்.

ஓய்வுபெற்ற பின் அவர் டோம்பிவிலியில் மகள் வீட்டுக்கு வந்தார். ஒருநாள் காலை அவரை மாட்டுங்காவுக்கு அழைத்துப்போனேன். ஏறிய பெட்டியில் அலுவலகம் போகிறவர்களின் பஜனைக் கூட்டம் இருந்தது. டோலக்கும் ஜால்ராவுமாக, மராத்தி பக்திக் கவி துக்காராமின் அபங்கம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மராத்தியில் ஒரு சொல் தெரியாது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவதைத் தாணா வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் ‘துகா ம்ஹணே’ (துகா சொல்கிறான்) என்ற, கவியின் பெயர் வரும் முத்திரையை மட்டும் பிடித்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்தார். யாரோ ஒரு ஜால்ராவை அவர் கையில் வைத்தார்கள். குர்லாவில் அவரைப் பாடச் சொன்னார்கள். ஒரு விருத்தம் எடுத்தார், அதே சுருதியில். பொருள் தெரியாத அந்த மராத்தியர்கள் கடைசி அடியைத் தப்பும் தவறுமாகத் திருப்பிப் பாடினார்கள். அவருக்குக் கை தன்னால் உயர்ந்தது, வகுப்பில் நிறுத்துவாரே, அப்படி.

மாட்டுங்காவில் இறங்கிப் படியேறும்போது சொன்னார்: “ஐந்து மாதமாக நான் பாடிய ஓர் அடியைக்கூட யாரும் திருப்பிப் பாடவில்லையடா.”

ஐந்து மாதமும் நான் இதே நகரத்தில்தான் இருந்தேன், சு. வாரம் ஒருமுறை தொலைபேசியில் ‘சாப்பிட்டீர்களா ஐயா’ என்று கேட்டிருக்கிறேன். பாடுகிறீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதனால் யூடியூப் வேண்டாம். ஆயிரம் பேர் கேட்பார்கள், ஒருவரும் திருப்பிப் பாடமாட்டார்கள். பாட்டு வகுப்பும் வேண்டாம். இந்த வயதில் அவரை மாணவராக உட்கார வைக்காதீர்கள். மும்பை மாநகராட்சி பள்ளி நடத்தும் எட்டு மொழிகளில் தமிழும் ஒன்று. தாராவியில் தமிழ்வழிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். சயானில் இறங்கி நேரே போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கேளுங்கள். இல்லை என்றால் மறுபடி போங்கள்.

அதுவரை உங்கள் வீடு இருக்கிறது. உங்கள் மகளுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். இன்று மாலை அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவை ஒரே ஒரு குறள் பாடச் சொல்லுங்கள். இரண்டு பேரும் திருப்பிப் பாடுங்கள். தவறாகப் பாடினால் முகத்தைச் சுளிப்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். தொடங்குங்கள்.