சோஃபா க்ளீனர்ல ஸ்ப்ரே வரல, நாத்தம் வேற அடிக்குதுன்னு கேட்ட கிருஷ்ணகிரி சகோவுக்கு

சகோ, சோஃபா மேல தண்ணி அடிச்சு அழுக்கோட திரும்ப உறிஞ்சுற அந்த மெஷினை அவசரப்பட்டு வித்துடாதீங்க. மோட்டார் ஓடுது, தண்ணிய உறிஞ்சுது, ஸ்ப்ரே மட்டும் வரலன்னா பெரும்பாலும் நாசில்ல, அதாவது ஸ்ப்ரே வர்ற முனையில, உப்பு அடைச்சிருக்கும், போர் தண்ணிதான் ஊத்துறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, நம்ம பக்கத்து போர் தண்ணி எப்படின்னு பக்கெட் அடியில படியுற வெள்ளையப் பாத்தாலே தெரியுமே. வெதுவெதுப்பான தண்ணி அரை லிட்டர்ல சிட்ரிக் ஆசிட் ஒரு ஸ்பூன் கரைச்சு நாசில் முனைய அரை மணி நேரம் ஊறவைங்க, அப்புறம் வெறும் தண்ணி ஓடவிடுங்க. ஊசி விட்டு மட்டும் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா விசிறி மாதிரி அடிக்காது, ஒழுகும். இனிமே குழாய்ல வர்ற ஒகேனக்கல் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ ஊத்துங்க.

நாத்தம் அழுக்குத் தண்ணி டேங்க்லயும் ஹோஸ்லயும் இருந்து வருது. வேலை முடிஞ்சதும் ஒரு மக்கு நல்ல தண்ணிய ஹோஸ் வழியா உறிஞ்சவிட்டு, டேங்க்க கழுவி, மூடாம காயப்போடுங்க. துணி சோப்புத்தூள் போடவே போடாதீங்க, நுரை பொங்கி மோட்டாருக்குள்ள போயிடும்.

நீங்க கேட்ட மாம்பழ ஜூஸ் கறைக்கு ஸ்ப்ரே கம்மியா, உறிஞ்சுறது அதிகமா. ஸ்பாஞ்ச் வரைக்கும் நனைஞ்சா காயவே காயாது. சோஃபாவுல தைச்சிருக்கிற டேக்ல 'எஸ்' (S)னு மட்டும் இருந்தா தண்ணியே படக்கூடாது, அதையும் பாத்துக்கோங்க.

அப்பவும் சரியாகாம புதுசு வாங்குறதா இருந்தா, மோட்டார் எத்தனை வாட்ஸ்ங்கிறத மட்டும் நம்பாம, நாசில் தனியா கழட்ட வருதா, ஸ்பேர் பக்கத்துல ஓசூர்லயாவது கிடைக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க.