சமூக-உணர்வுத் திறன் பயிற்சிக்குப் போய்வந்தால் வகுப்பில் ஏதாவது மாறுமா?

நீங்கள் டெல்லியில் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன ஆசிரியர் என்று எடுத்துக்கொள்கிறேன். தன் உணர்வைக் கையாளவும் மற்றவரைக் கேட்டு ஒத்துப்போகவும் பிள்ளைகளைப் பழக்குவதுதான் சமூக-உணர்வுத் திறன். அந்தப் பயிற்சியில் இருபது பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசவைத்திருப்பார்கள். திரும்பி வந்தால் நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், நகர்த்த முடியாத பெஞ்சுகள். சந்தேகம் வருவது நியாயம்தான்.

மாறும். ஆனால் அங்கே காட்டிய எல்லாவற்றையும் செய்து பார்க்காதீர்கள். ஒன்றை எடுத்து வருடம் முழுக்கச் செய்யுங்கள். நான் ஜிக்சா முறையைச் சொல்வேன். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்ததும் மோதல் வெடித்தபோது, எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. பக்கத்தில் இருப்பவன் சொல்லாமல் பாடம் முழுமையாகாது என்ற நிலையை உண்டாக்குவதுதான் அதன் உயிர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம் என்று வரும் நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே ஒத்துவரும்.

நாற்பது பேரை ஐந்தைந்து பேராக எட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். பாடத்தையும் ஐந்து துண்டாக்குங்கள். ஒவ்வொன்றும் அரைப்பக்கம் தாண்டக் கூடாது, மற்றதைப் படிக்காமலே புரிய வேண்டும். குழுவில் ஆளுக்கொரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் வகுப்பில் எட்டுப் பேர் இருப்பார்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் இரண்டு பேர்தான் பேசுவார்கள், அதனால் நான்கு நான்காக உட்காரவையுங்கள். பதினைந்து நிமிடம் படித்து, தன் குழுவுக்கு எப்படிச் சொல்வது என்று முடிவு செய்யட்டும். முதல் நாள் அவ்வளவுதான். மறுநாள் சொந்தக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு நான்கு நிமிடம் விளக்கட்டும். கடைசிப் பத்து நிமிடம் ஒரு சின்னத் தேர்வு. பெஞ்சு நகராவிட்டால் முன்வரிசைப் பிள்ளைகளைப் பின்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னால் போதும்.

பெரும்பாலும் கெடுவது அந்தத் தேர்வில்தான். குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளையே எல்லாம் எழுதிவிடும். தனித்தனியாக எழுதட்டும். மறுநாள் யாராவது வராவிட்டால் அந்தத் துண்டே காணாமல் போகும், அதற்காக ஒவ்வொரு துண்டிலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு முந்தைய நாளே துண்டைக் கொடுத்துவிடுங்கள். தமிழிலோ இந்தியிலோ விளக்கினால் தடுக்காதீர்கள், எழுதும்போது பாட மொழிக்கு வந்தால் போதும்.

இதற்கென்றே தனி பீரியட் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் வந்தது: தினமும் ஒரு வகுப்பு, தேர்வு இல்லாமல் நடத்தினார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அங்கே பொறுமையாகக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு அறிவியல் வகுப்பில் யாரையும் கேட்கும் தேவையே வராவிட்டால் அந்தப் பழக்கம் ஒட்டாது.

2020 கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. மணிக்கணக்கைச் சரிபார்க்கிறார்கள், போட்டோ கேட்கிறார்கள். பயிற்சிக்குப் பிறகு வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பவர் அபூர்வம். சக ஆசிரியர் ஒருவரைப் பத்து நிமிடம் வரச்சொல்லி, எந்தெந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை குழு பிரிக்க அதுதான் உதவும்.

அந்தச் சக ஆசிரியர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போகாமல் பள்ளியில் இருக்க வேண்டுமே! பயிற்சிக்குச் செலவிடும் அரசு, ஆசிரியரைத் தெருத்தெருவாக அனுப்புவதை முதலில் நிறுத்தட்டும்.