பயிற்சியாளர் வேலை தோற்றவர்களுக்கானதன்று

டென்னிஸ் ஆடும் தம் 17 வயது மகளைப் பற்றித் தந்தை ஒருவர் கவலையோடு எழுதியிருக்கிறார். தரவரிசையில் அவள் மேலே ஏறவில்லை. வெளிநாட்டு அகாடமிக்கு அனுப்பினால் தேறிவிடுவாள் என்கிறார் தாய்மாமன். மட்டையை வைத்துவிட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சேரட்டும் என்கிறார் பெரியப்பா. கவலைப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டுக்கும் நிலத்தை விற்க வேண்டும். இரண்டிலும் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு செய்தியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். முதல் சர்வீஸ் தவறினால் எதிராளி இரண்டாவது சர்வீஸை எந்தப் பக்கம் போடுகிறாள் என்று உங்கள் மகள் நோட்டில் குறித்துக்கொள்கிறாள். சர்வீஸுக்குப் பந்தைத் தாழ்வாகத் தூக்கிப்போடும் சிறு பிள்ளைகளைத் திருத்திவிட்டே வீட்டுக்குக் கிளம்புகிறாள். இது பயிற்சியாளரின் கண்.

பயிற்சியாளர் வேலை ஆடித் தோற்றவர்களுக்கானது என்று பெரியப்பா சொன்னால், ரஷ்யாவின் டிமித்ரி துர்சுனோவைக் காட்டுங்கள். 1982-இல் மாஸ்கோவில் பிறந்து, சிறுவயதிலேயே பயிற்சிக்காகக் கலிபோர்னியா சென்றவர். 7 ஒற்றையர் பட்டங்கள் வென்றவர். 2006-இல் நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டியான டேவிஸ் கோப்பையை வென்ற ரஷ்ய அணியில் ஆடியவர். ஆனாலும் தரவரிசையில் அவர் எட்டிய உச்சம் 20-ஆம் இடம்தான். பின்னர் பயிற்சியாளரானார். அவருடைய பயிற்சியில் 2018-இல் நியூ ஹேவன், வூஹான் போட்டிகளில் பட்டம் வென்ற பெலாரஸ் வீராங்கனை அரினா சபலென்கா அவ்வாண்டை 11-ஆம் இடத்தில் முடித்தார். 2021 ஆகஸ்டில் 30-ஆம் இடத்தையொட்டி இருந்த எஸ்தோனியாவின் அனெட் கோன்டவெய்ட், அவரிடம் வந்தபின் அவ்வாண்டிலேயே 4 பட்டங்களை வென்று, 2022 ஜூனில் 2-ஆம் இடத்தைத் தொட்டார்.

எதிராளியின் ஆட்டங்களைக் காணொளியில் அலசுவது, வெயிலுக்கும் பந்துக்கும் ஏற்ப மட்டை நரம்பின் இறுக்கத்தை முடிவுசெய்வது, எந்தப் போட்டியை விட்டு ஓய்வெடுக்கலாம் என்று வீராங்கனையோடு வாதாடுவது எல்லாம் இந்தத் தொழிலில் அன்றாட வேலைகள். பெரும்பாலும் வாரச் சம்பளமும் பயணச் செலவும், ஒப்பந்தப்படி பரிசுப் பணத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். நிரந்தரம் என்பது மட்டும் கிடையாது. உச்சம் தொட்ட அதே சமயத்தில்தான் கோன்டவெய்ட்டும் துர்சுனோவும் பிரிந்தார்கள். உக்ரைன் போருக்குப் பின் ரஷ்யக் குடிமகன் நாடு நாடாகப் பயணம் செய்வது அப்போது கடினமாகியிருந்தது.

அதனால் பட்டப்படிப்பு வேண்டும். ஆனால் கட்டணம் குறைந்த, காலையும் மாலையும் மைதானத்துக்கு விடுகிற கல்லூரியாக இருக்கட்டும். கூடவே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் முதல்நிலைப் பயிற்சியாளர் சான்றிதழுக்கு அவள் முயலட்டும். நிலத்தில் கை வைக்காதீர்கள். இந்த விடுமுறையில் சிறு பிள்ளைகளின் காலை வகுப்பில் அவள் உதவியாளராக நிற்கட்டும். அது எப்படி இருந்தது என்று அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.