ஒழுக்கம் எங்கிருந்து வந்தது? சீட்டு முதல் சாதி வரை சில கேள்விகள்

வேளச்சேரி வாசகர்: சாமி பயம் இல்லையென்றால் எவன் சார் யோக்கியனாக இருப்பான்? பரிணாமமே ‘வல்லவன் வாழ்வான்’ என்றுதானே சொல்கிறது?

ரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துவிடும். பசித்திருக்கும் கூட்டாளிக்கு மற்றொன்று தான் குடித்ததைக் கக்கி ஊட்டுவதை உயிரியலாளர் வில்கின்சன் 1984இல் பதிவு செய்தார். சொந்தத்துக்கு மட்டுமல்ல, கூடவே தங்கிப் பழகியதற்கும்தான். கொடுப்பவருக்கு நஷ்டம் சின்னது, வாங்குபவருக்கு லாபம் பெரியது, இருவரும் திரும்பச் சந்திப்பார்கள், ஏமாற்றியவரை ஞாபகம் இருக்கும்: இவ்வளவும் கூடினால் பரிணாமத்திலும் உதவி நிலைக்கும் என்று 1971லேயே உயிரியலாளர் ட்ரிவர்ஸ் கணக்குப் போட்டுவிட்டார்.

பெரம்பூர் வாசகி: 20 பேர், மாதம் 5,000 ரூபாய், குலுக்கல் சீட்டு. முதல் சீட்டு எடுத்தவர் ஏன் ஓடிப்போவதில்லை?

கட்டியது 5,000, கையில் ஒரு லட்சம், பாக்கி 95,000. வெறும் கணக்குப்படி ஓடத்தான் வேண்டும். அடுத்த சீட்டும் தெருவில் உள்ள பெயரும்தான் அவரைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று இருவர் திரும்பத் திரும்ப முடிவெடுக்கும் விளையாட்டை வைத்து அரசியல் அறிஞர் ஆக்சல்ராட் 1980வாக்கில் நடத்திய கணினிப் போட்டிகளில் ஜெயித்த உத்தியும் எளிமையானது: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி செய்ததையே செய். அதில் ஓர் ஓட்டை உண்டு. தவறுதலாக ஒரு முறை பிசகினாலும் இரு பக்கமும் மாறி மாறிப் பழிவாங்கிக்கொண்டே போகும். நடுநடுவே மன்னித்தால்தான் அது அறும். ஆகவே ஒரு மாதத் தவணை தாமதமானால் முதலில் விசாரியுங்கள், மானத்தை வாங்காதீர்கள். சீக்கிரம் வீடு மாறப்போகிறவருக்கு ஜாமீன் இல்லாமல் ஆரம்பச் சீட்டைக் கொடுக்காதீர்கள்.

அடையாறு, ஃபிளாட் செயலாளர்: மெயின்டனன்ஸ் கட்டாதவர் பெயரை போர்டில் எழுதலாமா?

ஃபேர், கெக்டர் என்ற பொருளியலாளர்களின் ஆய்வைப் பாருங்கள். நால்வர், ஆளுக்கு 20 காசு. பொதுவில் போடும் ஒவ்வொரு காசுக்கும் நால்வருக்கும் ஆளுக்கு 0.4 காசு கிடைக்கும். எல்லோரும் முழுசாகப் போட்டால் ஆளுக்கு 32. ஆனால் போடாதவருக்கும் பங்கு உண்டு என்பதால் சுற்றுக்குச் சுற்று பொதுப்பணம் கரைந்தது. தண்டிக்க வழி வைத்ததும் ஏறியது. அதோடு விட்டுவிடாதீர்கள்: 2008இல் பல நகரங்களில் இதையே நடத்தியபோது, சில ஊர்களில் நிறையக் கொடுத்தவர்களையே மற்றவர்கள் தண்டித்தார்கள்! பொதுவளங்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் கண்டது, படிப்படியான தண்டனையே நீடிக்கிறது என்பது. முதலில் நேரில் நினைவூட்டல், அப்புறம் சிறு அபராதம், அதற்கும் பிறகே போர்டு. விதியைப் போடும் கூட்டத்தில் கட்டாதவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே தண்ணீரை நிறுத்தினால் சண்டைதான் மிச்சம்.

மயிலாப்பூர் வாசகர்: சாதிக்குள்ளேயே கல்யாணம் என்பதும் சமூகம் வளர்த்தெடுத்ததுதானே? அப்போது அதுவும் சரியா?

இல்லை. ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘இருக்க வேண்டும்’ என்பதற்குத் தாவ முடியாது என்று தத்துவஞானி ஹ்யூம் 1740இல் வெளியிட்ட நூலில் எழுதியது இன்னும் நிற்கிறது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே பரவலாகக் கலப்பு நடந்ததாக 2013இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. அதைக் காட்டி ‘கலப்பு மணமே நியாயம்’ என்று வாதாடுவதும் அதே தாவல்தான், நம் கட்சிக்குச் சாதகமாக இருந்தாலும். எந்த வழக்கத்திலும் நான் கேட்பது இரண்டு: நஷ்டம் யார் தலையில்? விதி போட்டபோது அவரைக் கேட்டார்களா? முதல் கேள்விக்கு ஆய்வு பதில் சொல்லும். இரண்டாவது ஏன் முக்கியம் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் தராது, நாம்தான் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.